ஓட்டுநரும் நடத்துநரும்

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்கு ஒரு புதுக் கவலை வந்தது. காசநோய்க்கு மருந்து கண்டுபிடித்தாயிற்று. நிமோனியா பென்சிலினுக்கு அடங்கிவிட்டது. ஆனால் நாற்பது ஐம்பது வயது ஆண்கள், நேற்றுவரை வேலைக்குப் போய்வந்தவர்கள், மாரடைப்பில் பொட்டென்று போய்க்கொண்டிருந்தார்கள். புகையா, சாப்பாடா, போர் தந்த மன உளைச்சலா என்று யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் என்று இன்று டீக்கடையிலேயே பேசப்படும் காரணங்கள் அன்றைக்கு மருத்துவக் கல்லூரியில்கூட நிலைபெற்றிருக்கவில்லை.

ஜெரி மாரிஸ் என்ற மருத்துவருக்கு, ஒருவர் பார்க்கும் வேலைக்கும் அவர் இதயத்துக்கும் தொடர்பு இருக்குமோ என்று சந்தேகம். 1910-இல் லிவர்பூலில் பிறந்து, கிளாஸ்கோவில் வறுமையில் வளர்ந்தவர். போரின்போது ராணுவ மருத்துவராக இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்தவர். வேலையின் விளைவை மட்டும் தனியே பிரித்தெடுப்பது லேசுப்பட்ட காரியமல்ல. வங்கி மேலாளரையும் சுரங்கத் தொழிலாளியையும் ஒப்பிட்டால் சம்பளம், வீடு, சாப்பாடு, பழக்கவழக்கம் எல்லாமே வேறு. ஒரே வர்க்கம், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வருமானம், வேலை மட்டும் வேறு என்றிருக்கும் இரண்டு கூட்டங்கள் அவருக்கு வேண்டியிருந்தன. அவை லண்டன் தெருவில் ஒரே வண்டியில் போய்க்கொண்டிருந்தன.

லண்டனின் சிவப்பு மாடிப் பேருந்தில் அன்று இரண்டு பேருக்கு வேலை. ஓட்டுநர் முன்பக்கத்துச் சிறு அறையில் உட்கார்ந்திருப்பார். பணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கையிலேயே கழியும். நடத்துநருக்கு உட்கார நேரம் கிடையாது. கீழே டிக்கெட் கொடுத்து முடித்து, படியேறி மேலே கொடுத்து, அடுத்த நிறுத்தம் வருவதற்குள் இறங்கி வந்து நிற்க வேண்டும். ஒரு நாளில் 500 முதல் 750 படிகள். சென்னையில் ஒரு காலத்தில் ஓடிய மாடிப் பேருந்தில் போனவர்களுக்கு, ஓடும் வண்டியில் அந்தப் படியில் ஏறுவது என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 31,000 லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்களின் நோய், மரணப் பதிவுகளை மாரிஸின் குழு 1949-இலிருந்து திரட்டியது. முடிவு 1953-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. வந்தாலும் வயது தள்ளி வந்தது. வந்த கையோடு ஆளைக் கொண்டுபோவதும் குறைவு. மாரிஸ் இதை உடனே கொண்டாடிவிடவில்லை. நெரிசலில் வண்டி ஓட்டுகிறவருக்குப் பதற்றம் அதிகம், அதுதான் காரணமாக இருந்தால்? பதற்றத்துக்கு இடமில்லாத இன்னொரு துறையில் பார்த்தார்கள். நடந்தும் சைக்கிளிலும் தபால் பட்டுவாடா செய்தவர்களையும், அதே அஞ்சல் துறையில் மேசையில் உட்கார்ந்து எழுதியவர்களையும், தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். அங்கும் இதே கதைதான்.

இந்த ஆய்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அடுத்து வருவது. லண்டன் போக்குவரத்து நிர்வாகம் ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தது. ஆகவே ஒவ்வொருவருடைய கால்சட்டையின் இடுப்பளவும் பதிவேட்டில் இருந்தது. மாரிஸ் அந்தப் பதிவேட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓட்டுநர்களின் இடுப்பு நடத்துநர்களுடையதைவிடப் பெரிது. பல வருடம் ஸ்டீயரிங் பிடித்துத் தொப்பை வைத்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இளைஞர்களிடமும் அதே வித்தியாசம் இருந்தது. அதாவது கொஞ்சம் பருமனாக இருப்பவர்களே ஓட்டுநர் வேலைக்குப் போனார்களோ? படியேறியதால் இதயம் பிழைத்ததா, நல்ல இதயமும் ஒல்லி உடம்பும் உள்ளவர்கள் படியேறும் வேலையைத் தேர்ந்தார்களா? தன் கண்டுபிடிப்பின் அஸ்திவாரத்தையே அசைக்கக்கூடிய இந்தக் கேள்வியை மாரிஸே 1956-இல் அச்சில் வைத்தார்.

உடலுழைப்பும் ஆயுளும் பற்றிய எல்லா ஆய்வுகளின் தலைமேலும் இந்தக் கேள்வி இன்றுவரை தொங்குகிறது. நடக்கிறவர் நீண்ட நாள் வாழ்கிறார் என்று புள்ளிவிவரம் சொன்னால், உடம்புக்கு முடிகிறவர்தானே நடக்கிறார் என்று திருப்பிக் கேட்கலாம். இந்த அத்தியாயத்தில் வரும் எந்த எண்ணைப் படிக்கும்போதும் அந்தக் கால்சட்டைப் பதிவேட்டை மறக்க வேண்டாம்.

மாரிஸ் அடுத்து எல்லோருமே நாற்காலியில் உட்காரும் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டார். பிரிட்டனின் அரசு அலுவலகங்களில் நிர்வாகப் பணியில் இருந்த 40 முதல் 64 வயதுள்ள சுமார் 17,000 ஆண்கள். திங்கட்கிழமை காலை அவர்கள் அலுவலகம் வந்ததும், முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு தாளைக் கொடுத்து, வெள்ளியும் சனியும் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். தோட்டம் கொத்தினோம், நீந்தினோம், சைக்கிள் மிதித்தோம், ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தோம் என்று எல்லாம் வந்தது. பின்னாளில் இதய நோய் வந்தவர்களின் தாள்களையும் வராதவர்களின் தாள்களையும் எடுத்து வைத்துப் பார்த்தபோது, மூச்சு வாங்கும் அளவுக்கு ஏதாவது செய்தவர்களுக்கு அபாயம் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. 1973-இல் இது வெளியானது. இதற்குள் மாரிஸே ஹாம்ஸ்டெட் ஹீத் பூங்காவில் ஓட ஆரம்பித்திருந்தார். அறுபதுகளில் காரணமில்லாமல் ஓடுகிற ஆளை லண்டனில் விநோதமாகத்தான் பார்த்தார்கள். 2009-இல், 99 வயதில் காலமானார். ஒருவர் ஆயுளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

சரி, எவ்வளவு நடக்க வேண்டும்? கைக்கடிகாரங்களும் கைபேசிகளும் 10,000 அடி என்கின்றன. இந்த எண் ஆய்வகத்தில் பிறக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருடம், 1965-இல், யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் அடிகளை எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டபோது சூட்டிய பெயரிலிருந்து பரவியது அது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ 2019-இல் இதை நேரடியாகச் சோதித்தார். சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களின் இடுப்பில் அளவுக் கருவி கட்டப்பட்டது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. சுமார் 7,500 அடிக்கு மேல் போனவர்களுக்குக் கூடுதல் ஆதாயம் தென்படவில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022-ஆம் ஆண்டு அலசல், அறுபதைக் கடந்தவர்களுக்கு 6,000 முதல் 8,000, இளையவர்களுக்கு 8,000 முதல் 10,000 என்ற அளவில் பலன் சமநிலைக்கு வருவதாகச் சொன்னது.

பசித்தவனுக்கு முதல் கவளம் தரும் நிறைவை இருபதாவது கவளம் தருவதில்லை. உடலுழைப்பின் பலனும் அப்படித்தான். ஒன்றுமே செய்யாதவர் கொஞ்சம் செய்யத் தொடங்கும்போது கிடைப்பதுதான் பெரிய ஆதாயம். ஆகவே 10,000 அடி எட்டவில்லையே என்று மனம் வெறுத்து நடையையே விட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. பிரிட்டனில் உடற்பயிற்சி எதுவுமே செய்யாத 25,000 பேரின் மணிக்கட்டுக் கருவிப் பதிவுகளை 2022-இல் அலசினார்கள். மாடிப்படியை வேகமாக ஏறுவது, பேருந்தைப் பிடிக்க ஓடுவது, கனத்த பையோடு விரைந்து நடப்பது என்று ஒரு நிமிடம், இரண்டு நிமிடமாக நாளில் மூன்று முறை மூச்சு வாங்கியவர்களின் இறப்பு விகிதம், அதுவும் இல்லாதவர்களைவிட 40 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. அந்த 40 முழுவதும் அந்தச் சில நிமிடங்களின் கொடை என்று நான் சொல்ல மாட்டேன்; கால்சட்டைப் பதிவேடு இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட துண்டு துண்டான உழைப்பைப் பழைய வினாத்தாள்கள் கண்டுகொண்டதே இல்லை. குடத்தைத் தூக்குவதும் வீட்டைப் பெருக்கித் துடைப்பதும் அவற்றின் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. மாரிஸின் பேருந்து ஆய்விலும் பெண்கள் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. உழைப்பு நல்லது என்றால், நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவர்தான் அதிக நாள் வாழ வேண்டும். அப்படி நடப்பதில்லை. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து, 2021-இல் வெளியான ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு இறப்பு குறைந்தது. வேலையில் கடுமையாக உழைத்தவர்களுக்குக் கூடியது. பாரம் தூக்குகிறவருக்கு எப்போது நிறுத்துவது, எப்போது மூச்சு விடுவது என்ற உரிமை கிடையாது. இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் மணிக்கணக்கில் ஏறியே இருக்கின்றன; மீள்வதற்கு நேரமில்லை. கோயம்பேட்டில் விடியற்காலையில் காய்கறி மூட்டை இறக்குகிறவரிடம் போய் நடைப்பயிற்சியின் மகிமையை எடுத்துச் சொல்வது அபத்தம். அவருக்கு வேண்டியது ஓய்வு.

மற்றவர்களின் தொல்லை நேர்மாறானது: நாற்காலி. உட்கார்ந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது? எழுந்து நிற்கும்போதும் நடக்கும்போதும் தொடை, கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிகின்றன. சுருங்கும் தசை, இன்சுலினின் உதவிகூட இல்லாமல், ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உட்கார்ந்துவிட்டால் உடம்பின் மிகப் பெரிய தசைகள் ஏறக்குறைய அணைந்துவிடுகின்றன. ஆஸ்திரேலியாவில் பருமனான 19 பேரைத் தொடர்ந்து உட்கார வைத்து, சர்க்கரையும் கொழுப்பும் நிறைந்த பானத்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். இன்னொரு நாள் அதே பானம். ஆனால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து இரண்டு நிமிடம் மெல்ல நடந்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. சாப்பிட்டதும் நாலடி நடந்துவிட்டு வா என்று வீட்டுப் பெரியவர்கள் விரட்டியதற்கு இப்படியொரு கணக்கு இருந்திருக்கிறது.

ஆனால் பெரியவர்கள் சொன்ன எல்லாமே சரி என்று நினைத்துவிடக் கூடாது. உட்கார்ந்துகொண்டு காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று தொடையில் தட்டியவர்களும் அவர்கள்தான். 2016-இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களை மூன்று மணி நேரம் உட்கார வைத்து, ஒரு காலை மட்டும் ஒரு நிமிடம் ஆட்டச் சொல்லி, நான்கு நிமிடம் நிறுத்தச் சொல்லி, மாற்றி மாற்றிச் செய்ய வைத்தார்கள். அசையாத காலில் முழங்காலுக்குப் பின்னே ஓடும் ரத்தக்குழாயின் விரிந்துகொடுக்கும் திறன் மங்கியது. ஆட்டிய காலில் மங்கவில்லை, கொஞ்சம் மேம்பட்டது. ரத்தம் உரசிக்கொண்டு ஓடினால்தான் குழாயின் உட்சுவர் சுறுசுறுப்பாக இருக்கும். இனிமேல் பிள்ளைகள் காலாட்டினால் விட்டுவிடலாம்.

காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, மிச்ச நாள் முழுவதும் கணினி முன்னால் உட்காருகிறேன், அது போதுமா என்பது நகரத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி. நார்வேயைச் சேர்ந்த உல்ஃப் எக்கெலுண்டின் குழு 2016-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்து இதற்குப் பதில் தேடியது. நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் விறுவிறுவென்று நடப்பதற்கு நிகரான உழைப்பு இருந்தால், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதோடு சேர்ந்து வரும் கூடுதல் இறப்பு அபாயம் மறைந்துவிடுகிறது. பக்கத்துத் தெருவில் பால் வாங்கப் போய்வருவதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அவ்வளவு நடக்க இயலாதவர்கள் உட்காரும் நேரத்தைக் குறைப்பதுதான் வழி. 2024-இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்களின் கணக்குப்படி, இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. பெண்களில் இது 57 சதவீதம்.

உட்காருவது என்றாலே குற்றம் என்பதும் சரியல்ல. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்சா மக்களின் தொடையில் கருவிகளைக் கட்டிப் பார்த்தபோது, அவர்களும் நாளில் சுமார் பத்து மணி நேரம் நடக்காமல் ஓய்வாகத்தான் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. நம் அலுவலக ஊழியருக்குச் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. குந்தியும் மண்டியிட்டும் தரையில் இருக்கிறார்கள். அந்த நிலையில் கால் தசைகள் முழுதாக அணைவதில்லை.

தரையைப் பற்றி இன்னொரு ஆய்வு இருக்கிறது. ரியோ டி ஜெனீரோவில் கிளாடியோ கில் அராஹோ என்ற மருத்துவர் தன்னிடம் வந்தவர்களைச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காரச் சொன்னார். பிறகு எழச் சொன்னார். வேகம் முக்கியமில்லை, கையையோ முழங்காலையோ ஊன்றுவதைக் குறைத்தால் போதும். உட்கார 5 மதிப்பெண், எழ 5 மதிப்பெண். கை ஊன்றினால் ஒன்று போகும். முழங்காலை ஊன்றினால் இன்னொன்று. தொடையில் கை வைத்து உந்தினாலும் ஒன்று. தள்ளாடினால் அரை. 51 முதல் 80 வயதுள்ள 2,002 பேரை இப்படிச் சோதித்துவிட்டு, சராசரியாக ஆறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். 159 பேர் இறந்தார்கள். வயது, பால், பருமன் மூன்றையும் கழித்துப் பார்த்த பிறகும், 8 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களைவிட 3 அல்லது அதற்குக் கீழே வாங்கியவர்களின் இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல்.

தரையில் உட்கார்ந்து எழுந்தால் ஆயுள் கூடும் என்பது இதன் பொருளாகாது. கால் வலு, இடுப்பின் நெகிழ்வு, சமநிலை, உடல் எடை எல்லாவற்றையும் ஒரே அசைவில் காட்டிக்கொடுக்கும் சோதனை இது, அவ்வளவுதான். ஆனால் அந்த அசைவை நம் வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை எல்லோரும் தினம் பத்து முறையாவது செய்துகொண்டிருந்தோம். சாப்பாட்டுக்குச் சம்மணம், பூத்தொடுக்கக் காய் நறுக்கத் தரை, படுக்கப் பாய், கழிப்பறையில் குந்துதல். இன்றைக்குச் சாப்பாட்டு மேசையும் சோபாவும் கட்டிலும் மேற்கத்தியக் கழிப்பறையும் வந்த பிறகு, நாற்பது வயதுக்காரர் கல்யாணப் பந்தியில் தரையில் இலை போட்டால் முகம் மாறுகிறார். மூட்டு தேய்ந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் நாற்காலியும் மேசையும் வரம். அதில் பேச்சே இல்லை. முழங்கால் நன்றாக இருக்கிறவர்கள் இரவுச் சாப்பாட்டையாவது தரைக்கு மாற்றிக்கொள்ளலாம். முதுகுவலி, மூட்டுவலி, தலைசுற்றல் உள்ளவர்கள் இந்தச் சோதனையைத் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம்.

அசையாமலே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த சோதனைதான் இன்றுவரை உச்சம். இருபது வயதான ஐந்து ஆரோக்கியமான இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே கிடந்தார்கள். உச்ச உழைப்பில் உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்ற அளவு கால் பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரும் திரும்ப வந்தார்கள். ஐம்பது வயது, எடையும் கூடியிருந்தது. மறுபடி அளந்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதம், இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை செய்ததைவிடக் குறைவாக இருந்தது! அதோடு விடவில்லை. ஆறு மாதம் படிப்படியாக நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்தார்கள். இருபது வயதில், படுக்கைக்கு முன் இருந்த அளவுக்கே திரும்பினார்கள். ஐந்து பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாதுதான். ஆனால் மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாளே எழுந்து நடங்கள் என்று செவிலியர்கள் விடாப்பிடியாக நிற்பதற்கு, இந்த வகை ஆய்வுகள்தான் துணை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நார்வேயின் டிரொன்ஹைம் நகரில் 70 முதல் 77 வயதுள்ள 1,567 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குத் தீவிரப் பயிற்சி, சிலருக்கு மிதமான பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு நாட்டின் பொதுவான உடலுழைப்பு அறிவுரையோடு சரி. கால்சட்டைச் சந்தேகத்துக்குக் குலுக்கல்தான் மருந்து. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் இறப்பு விகிதம்: தீவிரப் பிரிவில் 3 சதவீதம், மிதமான பிரிவில் 5.9, அறிவுரைப் பிரிவில் 4.7. புள்ளியியல்படி இந்த வித்தியாசங்களை உறுதியானவை என்று சொல்ல முடியவில்லை. அறிவுரை மட்டும் பெற்றவர்களும் சும்மா இருக்கவில்லை, அவர்களும் நன்றாகவே உழைத்தார்கள் என்பது ஒரு விளக்கம். ஏற்கத்தக்க விளக்கம்தான். ஆனாலும், ஏற்கெனவே சுறுசுறுப்பாக இருக்கும் முதியவர் பயிற்சியைக் கூட்டினால் ஆயுள் இத்தனை வருடம் நீளும் என்று யாராவது எண் சொன்னால் நம்ப வேண்டாம். நடையின் நிச்சயமான பலன் வேறு இடத்தில் இருக்கிறது: சர்க்கரை நோய் தள்ளிப்போவது, கடைசி வருடங்களில் பிறர் கையைப் பிடிக்காமல் குளியலறைக்குப் போய்வருவது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட சோதனையில், உணவு, நடை மாற்றத்தால் மட்டும் மூன்று வருடத்தில் நோய்க்கு ஆளானவர்கள் 55 சதவீதத்திலிருந்து 39 ஆகக் குறைந்தார்கள்.

இனி நாளின் மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்காவில் பதினோரு லட்சம் பேரிடம் தூக்க நேரத்தைக் கேட்டு, ஆறு வருடம் தொடர்ந்து, டேனியல் கிரிப்கே 2002-இல் வெளியிட்ட முடிவு பலருக்கு அதிர்ச்சி. இறப்பு மிகக் குறைவாக இருந்தது ஏழு மணி நேரம் தூங்குவதாகச் சொன்னவர்களிடம். அதற்குக் குறைந்தாலும் ஏறியது, எட்டுக்கு மேல் கூடினாலும் ஏறியது. நீண்ட தூக்கம் கொல்கிறது என்று உடனே செய்தித்தாள்கள் எழுதின. வெளியே தெரியாத நோய் உள்ளவர் அதிகம் தூங்குவார் என்பதே நியாயமான வாசிப்பு. குறைந்த தூக்கத்தின் கதை வேறு. அதை ஆய்வகத்திலேயே காட்டிவிட்டார்கள். சிகாகோவில் 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது, அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாண்ட விதம் சர்க்கரை நோயின் தொடக்க நிலையை ஒத்திருந்தது.

தூக்கம் பற்றிப் படிக்கும்போது எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றியது சென்னையில் நடந்து 2021-இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு. குறைந்த வருமானமுள்ள 452 பேரைத் தரவு உள்ளிடும் வேலைக்கு அமர்த்தி, மணிக்கட்டுக் கருவியால் அவர்கள் தூக்கத்தை அளந்தார்கள். இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தார்கள். தூங்கியதோ ஐந்தரை மணி நேரம் சொச்சம். ஒரே இரவில் சுமார் முப்பது முறை விழிப்பு. புழுக்கம், கொசு, தெருச் சத்தம், பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை. மின்விசிறி, மெத்தை, காதடைப்பான் கொடுத்து, தூங்கினால் காசும் கொடுத்தார்கள். தூக்கம் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடியது. வேலையிலோ மனநிலையிலோ பெரிய மாற்றம் இல்லை. ஆனால் பகலில் அமைதியான இடத்தில் அரை மணி நேரம் கண்ணயர விட்டவர்களுக்குக் கவனமும் மனநிலையும் வேலைத்திறனும் மேம்பட்டன. ஆயுளை அளந்த ஆய்வு அல்ல இது. ஆனால் தூக்கம் வெறும் மன உறுதியின் விஷயம் என்று நினைக்கிறவர்கள், தகரக் கூரையின் கீழ் மே மாதம் படுத்துப் பார்க்க வேண்டும்.

எத்தனை மணி நேரம் என்பதைவிட எப்போது என்பது முக்கியமாக இருக்கலாம் என்கிறது புதிய சான்று. பிரிட்டனில் 60,000 பேரின் கருவிப் பதிவுகளை அலசி 2024-இல் வந்த ஆய்வில், தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுந்தவர்களின் இறப்பு விகிதம், தாறுமாறாகத் தூங்கியவர்களைவிடக் குறைவு. தூக்கத்தின் நீளத்தைவிட இந்த ஒழுங்கே வலுவான அறிகுறியாக இருந்தது. தூக்கமும் நடையும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிப்பவை என்பதற்கும் சான்று உண்டு. மூன்று லட்சத்து எண்பதாயிரம் பேரிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வில், சரியான தூக்கமில்லாதவர்களின் கூடுதல் அபாயத்தில் பெரும்பகுதி, வாரத்துக்கு 150 நிமிட நடையாவது உள்ளவர்களிடம் காணாமல் போனது.

ஒரு நாளில் 24 மணி நேரம்தான். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைந்தே ஆக வேண்டும். எதை வெட்டி நடைக்கு நேரம் தருகிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இரவு பன்னிரண்டரை வரை கைபேசியைப் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பூங்காவுக்கு ஓடுகிறவர்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தூக்கத்தில் வெட்டாதீர்கள், உட்காரும் நேரத்தில் வெட்டுங்கள். கைபேசியில் பேசுவதை நின்றுகொண்டு பேசுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் தெருவில் நடங்கள். இரண்டு மாடிக்கு மின்தூக்கி வேண்டாம். காலையில்தான் நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை; மாலையில் நடந்தால் பலன் குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை.